எந்த நாள் கப்பல்?

மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதுகிறேன். மன்றத்தின் மூத்தோர் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், செயலாளர் விடவில்லை.

கப்பல் மாதிரி செய்வதில் நம் நெய்வேலியில் மூன்று வழிகள் உண்டென்பது உறுப்பினர்கள் அறிந்ததே. என்.சி.சி. கடற்படைப் பிரிவில் கற்றவர்கள் கொண்டுவந்த மர வழி, ஏர்பிக்ஸ் பெட்டியில் தொடங்கிய கிட் வழி, அட்டை வழி. அட்டை வழியைப் பற்றி அதன் மூத்தவரே போன மலரில் விரிவாக எழுதிவிட்டார். கிட் வழியினரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1971-ல் டாமியா முதலிய நான்கு ஜப்பானியக் கம்பெனிகள் சேர்ந்து எழுநூற்றில் ஒரு பங்கு அளவில் 'வாட்டர்லைன்' வரிசையைத் தொடங்கின. அந்த அளவில் ஓர் ஆள் இரண்டரை மில்லிமீட்டர். அவனையும் நிற்க வைத்துக் காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் மர வழி. சுரங்கத்தின் மின் பட்டறையில் வேலை பார்த்த எங்கள் ஐயாவிடம் கற்றவன். வரைபடத்தின் குறுக்குவெட்டு ஒவ்வொன்றுக்கும் பிளைவுட்டில் ஒரு டெம்ப்ளேட் அறுத்து, செதுக்கிய உடற்பகுதியில் பொருத்தி ஜன்னலுக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் கீற்றளவு வெளிச்சம் தெரிந்தாலும், "உப்புத்தாளை எடுப்பா" என்பார். பாய்மரக் கயிறுகளுக்கு மோட்டார் ரீவைண்டிங்கில் கழித்த செம்புக் கம்பி. கடைக் கம்பியை அவர் தொட்டதில்லை.

ஐயா கேட்கும் முதல் கேள்வி அளவைப் பற்றியதல்ல, "எந்த நாள் கப்பல்?" என்பதுதான். ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முன் கீழைக் கடலில் அது வெள்ளைக் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டபோது சாம்பல் நிறம். அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தபோது, மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாய் நான்காவது ஒன்றும் நின்றது. ஆங்கிலேயரின் யார்மவுத் என்று எண்ணட்டும் என்ற தந்திரம். ஒரே கப்பல், மூன்று மாதிரிகள். நவம்பர் 9-ல் கோக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுக் கரையேறிய கோலத்தைச் செய்தால் நான்கு. நூற்றில் ஒரு பங்கு அளவில் நாலடிக்குச் சற்றே குறையும் அந்த எம்டனைச் செய்து முடித்த பிறகும், சாம்பல் பூச்சு சரியில்லை என்று ஐயா ஒருமுறை சுரண்டிவிட்டார்.

இன்றைக்கு நடப்பதைச் சொல்லாமலிருப்பது நல்லது. ஆனாலும் சொல்கிறேன், யாரையும் குறிப்பிட்டு அல்ல. அண்மையில் ஒரு காட்சியில் நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தின் மாதிரி நின்றது. பித்தளைப் பலகையில் '1971' என்று பொறித்திருந்தார்கள். முன்தளத்திலோ விமானம் எழும்பும் ஸ்கீ-ஜம்ப் மேடு! தளத்தில் சீ ஹாரியர்! 1971 போரில் அதிலிருந்து போய்க் காக்ஸ் பஜாரைத் தாக்கியவை சீ ஹாக் விமானங்கள். சீ ஹாரியர் நம் கடற்படைக்கு வந்ததே 1983-ல். ஸ்கீ-ஜம்ப் அதற்கும் பின்னால். தேதியைப் பொறித்தவர் தேதியைப் படிக்கவில்லை. இன்னொருவர் வார்ப்பு உலோகத்தில் வந்த பிஸ்மார்க் போர்க்கப்பலை அக்ரிலிக் பெட்டியும் விளக்குமாக வாங்கி வைத்து, "நான் செய்தது" என்று சொல்லாமல், பிறர் அப்படி நினைப்பதையும் மறுக்காமல் நின்றார். கப்பலைவிடப் பெயர்ப்பலகை பெரிது. கேட்டால், "பார்க்க நல்லா இருக்கே சார்" என்கிறார்கள். இந்தப் 'பார்க்க நல்லா இருக்கே'யில்தான் சங்கீதம் போயிற்று, கோயில் சுதை வேலை போயிற்று, கல்யாணச் சாப்பாடு போயிற்று. நம் மன்றக் கூட்டத்தில் வடை போனதுகூட அதனால்தான் என்பேன்.

டையூவில் குக்ரி நினைவிடத்தில் கண்ணாடிக்குள் ஒரு மாதிரி இருக்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு கேப்டன் முல்லாவோடும் நூற்றுத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களோடும் மூழ்கிய கப்பல் அது. அப்படியொரு கப்பலைச் செய்பவன் பீரங்கி எத்தனை என்றாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அடுத்த கண்காட்சியில் 'வாங்கியவை' என்று தனி மேசை போட வேண்டும், தேதி எழுதாத மாதிரிக்குப் பரிசில்லை என்று விதி வேண்டும் என்று செயற்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். தலைவர் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு பிஸ்மார்க் இருக்கிறது.