அழகும் அடையாளமும்: பறவைக் கள நூல்களின் ஓவியங்கள்

கலை கலைக்காகவா, பயனுக்காகவா என்னும் வினா இலக்கிய உலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. பறவைகளை இனங்காண உதவும் கள நூல்களில் அவ்வினாவிற்கு இடமில்லை. அங்கே ஓவியம் பயனுக்காகவே நிற்கிறது. எனவே, அதனை மதிப்பிடும் அளவுகோலும் வேறாகிறது.

ஆடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட அமெரிக்கப் பறவைகளின் 435 படங்கள் கலைச் செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தொலைவில் நீந்தும் ஒரு வாத்தினை அவற்றைக் கொண்டு இனங்காணல் அரிது. 1934-இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கள நூலின் படங்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைந்த எளியவை. ஒத்த தோற்றமுடைய பறவைகளை அவர் ஒரே நிலையில் வரிசையாக நிறுத்தினார்; வேறுபடும் உறுப்பினைச் சிறு கோட்டால் சுட்டினார். தேவையற்றதை விலக்கத் தெரிந்தமையே அவரது வெற்றி எனலாம். 1980-இல் வந்த நான்காம் பதிப்பில் படமும் விளக்கமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்து, அந்நெறி மேலும் செம்மையுற்றது.

ஆகவே, ஓவியத்தின் தரத்தை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது ஒப்புமை வசதியே. குளிர்காலத்தில் நம் கடற்கரைகளுக்கு வரும் பெரிய மணல் உப்புக்கொத்தியும் சிறிய மணல் உப்புக்கொத்தியும் நிறத்தால் ஏறத்தாழ ஒன்றே. அலகின் நீளமும் காலின் நீளமுமே அவற்றைப் பிரித்துக் காட்டும். ஒன்றை நிற்பதாகவும் மற்றொன்றைக் குனிந்து இரை தேடுவதாகவும் வரைந்தால் படம் அழகுறும், அடையாளம் மறையும்.

அடுத்தது அச்சின் நேர்மை. மலேசியக் காடுகளில் பழுப்பு நிறப் புல்புல்கள் பல உள. அவற்றுள் ஒன்றற்குக் கண் சிவப்பு, மற்றொன்றற்கு வெண்மை, இன்னொன்றற்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அச்சில் சிவப்பு மங்கினால் ஓவியனின் உழைப்பு அனைத்தும் வீணாகும்.

நிழற்படம் போதாதா எனச் சிலர் வினவுவர். நிழற்படம் ஒரு பறவையின் ஒரு கணத்தை, அக்கணத்தின் ஒளியோடும் நிழலோடும் காட்டுவது. தேர்ந்த ஓவியமோ பல பறவைகளைக் கண்டு தெளிந்த பொதுவுருவைத் தருவது.

இது வெறும் பொழுதுபோக்குச் சிக்கலன்று. 1986-இல் சிங்கப்பூரின் பறவை நோக்குநர்கள் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தின் அருமையை எடுத்துரைத்தனர். 1989-இல் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. இத்தகைய முறையீடுகளுக்கு வலிமை தருபவை, எந்தப் பறவை எங்கே வருகிறது என்னும் பதிவுகள். படம் பிழைத்தால் பதிவு பிழைபடும். பதிவு பிழைபட்டால் நிலத்திற்காகப் பேசும் சான்றும் வலுவிழக்கும்.

நூலைக் கையிலெடுக்கும் மாணவர், 'இப்படம் அழகியதா?' என வினவுவதற்கு முன், 'இப்பறவையை அதன் உறவுப் பறவையினின்று இப்படம் பிரித்துக் காட்டுகிறதா?' என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தரும் ஓவியமே கள நூலில் இடம்பெறத் தக்கது.