எழுதும் அறைக்கு ஓர் அலமாரி

நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு யோசனை கேட்க வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் வெளியூருக்குப் போய்விட்டதால் வீட்டின் பின்பக்கம் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை காலியாகியிருக்கிறது. அதில் தாம் உட்கார்ந்து எழுதவும் கணக்குப் பார்க்கவும் வேண்டும், தம் மனைவி தையல் வேலை செய்யவும் வேண்டும் என்பது அவர் திட்டம். அந்த அம்மாள் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சிறிது சம்பாதிக்கிறவர்.

"சாமான்களை அடுக்கி வைக்க என்ன வாங்கலாம், சார்? இருபதாயிரத்துக்கு மேல் போகக் கூடாது" என்றார். கையில் ஒரு கடையின் விளம்பரப் புத்தகம். தேக்கு நிறத்தில் ஓர் அலமாரிப் படத்தை ஏற்கெனவே பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். யோசனை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள்.

இது நாவல் எழுதுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா என்று வாசகர்கள் நினைக்கலாம். இருபது வருஷமாகப் பிறர் எழுதிய நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கு அலமாரியைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அது சும்மா வந்ததும் இல்லை. கொஞ்சம் விலை கொடுத்து வாங்கினது.

முதலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அலமாரியில் ஒரு பூச்சாடி, மூன்று புத்தகம், ஒரு மரப் பொம்மை இருந்தன. மூன்று புத்தகத்துக்கும் ஒரு பொம்மைக்கும் எந்த அலமாரியும் தாங்கும். நம் வீட்டு அலமாரிகளின் கதி வேறு. ஓர் அடி நீளத்துக்குப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் சுமார் பத்து கிலோ கனம் வரும். மூன்றடித் தட்டு என்றால் முப்பது கிலோ. பத்து வயதுப் பையன் ஒருவன் இரவும் பகலும் இறங்காமல் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

தட்டு வளைவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தச்சர்கள் அதைக் கையாலேயே அறிவார்கள். நிரம்பப் புத்தகம் அடுக்கிய தட்டின் நீளத்தை இரண்டு பங்காக்கினால் வளைவு இரண்டு பங்காகாது, பதினாறு பங்காகும். பலகையின் கனத்தை இரண்டு பங்காக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே அலமாரி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையும் கைப்பிடியையும் அல்ல. ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் நடுவே எத்தனை தூரம் என்பதைத்தான். முக்கால் அங்குல ப்ளைவுட் பலகைக்கு இரண்டரை அடி போதும். தூள் பலகைக்கு இரண்டடியே ஜாஸ்தி.

தூள் பலகை என்று நான் சொல்வது கடைக்காரர்கள் பார்ட்டிகிள் போர்டு என்று சொல்வதை. மரச் சில்லையும் தூளையும் பிசினில் குழைத்து அழுத்தி, மேலே தேக்கின் படம் அச்சடித்த தாளை ஒட்டியிருப்பார்கள். தாள் ஒட்டினது தப்பில்லை. ஆனால் விளிம்பையும் மூடிவிடுவதால், உள்ளே இருப்பது என்ன என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கதவைத் திறந்து, கீல் பதிக்கக் குடைந்த குழியையோ ஸ்குரூ ஓட்டையையோ விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். ப்ளைவுட் ஏடு ஏடாகத் தெரியும். தூள் பலகை ரவை உப்புமா மாதிரி இருக்கும். அதில் ஒரு தடவை முடுக்கின ஸ்குரூவைக் கழற்றி மறுபடி முடுக்கினால் பழைய பிடிப்பு இராது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு தடவை வீடு மாற்றினால் அலமாரி லேசாக ஆடும். இரண்டாவது தடவை மாற்றும்போது வண்டிக்காரரே அதை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்.

நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு சென்னையில் அடையாறு கரை புரண்டபோது நான் ஆற்றுக்கு அருகே தரைத் தளத்தில் குடியிருந்தேன். முழங்கால் அளவு தண்ணீர் ஒரு நாளைக்கு மேல் அறையில் நின்றது. அந்த அறையில் மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று, இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கின தேக்கு நிற அலமாரி. மற்றொன்று இரும்பு பீரோ. மூன்றாவது என் தகப்பனார் காலத்துப் பலாமரப் பெட்டி.

தண்ணீர் வடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தேன். பீரோவின் அடித் தட்டில் சேறு, கால்களில் துரு ஏறத் தொடங்கியிருந்தது, கதவு திறந்தது. பலாப் பெட்டி பூராவும் ஊறியிருந்தது. நிழலில் வைத்துப் பத்து நாள் காயவிட்டதும் மூடி பழையபடி பொருந்தியது. அலமாரியோ அடியிலிருந்து இரண்டடி உயரம் வரை ஊறின அப்பளமாக உப்பிப் போயிருந்தது. தூள் பலகை அப்படி ஒரு தடவை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. கீழ் இழுப்பறை நாலு பக்கமும் வீங்கிச் சட்டத்தோடு இறுகிவிட்டது. அதற்குள்தான் பாதி எழுதி முடித்த ஒரு நாவலின் நோட்டுப் புத்தகங்களை வைத்திருந்தேன். கடப்பாறையால் நெம்பி உடைத்து எடுக்க மறுநாள் சாயங்காலமாகிவிட்டது. பவுண்டன் பேனாவால் எழுதின பக்கங்களெல்லாம் வெளிர் நீலமாகி ஒன்றும் தெரியவில்லை. ஓரங்களில் பென்சிலால் நான் எழுதி வைத்த திருத்தங்கள் மட்டும் அப்படியே இருந்தன. எதைத் திருத்தினேன் என்பது இல்லை, திருத்தம் இருந்தது.

வெள்ளத்தை வைத்து ஓர் அலமாரியை எடை போடுவது நியாயமா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளம் ஒரே இரவில் செய்ததை நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றும், துடைப்பத்துணித் தண்ணீரும், ஐப்பசி மாதத்துச் சுவரும் ஐந்தாறு வருஷத்தில் நிதானமாகச் செய்கின்றன. இந்த வகை அலமாரியில் உலகப் பிரசித்தமானது சுவீடன் தேசத்துப் 'பில்லி'. ஐக்கியா கம்பெனிக்காக கில்லிஸ் லுண்ட்கிரேன் என்பவர் வடிவமைத்து 1979-இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கம்பெனி 2018-இல் ஹைதராபாதில் கடை திறந்தது. பில்லியின் வடிவத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. தட்டுகளை வேண்டிய உயரத்துக்கு மாற்றலாம். ஆழம் ஓர் அடிக்கும் குறைவு. வீண் அலங்காரம் கிடையாது. சாதாரண மனிதனின் புத்தகங்களை மனசில் வைத்துச் செய்த சாமான். ஆனால் குளிர்காலமெல்லாம் கணப்பால் உலர்ந்து கிடக்கும் வீடுகளுள்ள தேசத்தில் பிறந்தது அது. உலர்ந்த மாடி வீட்டில், வாசல் நிலைக்கு உள்ளே வந்த பிறகு நகர்த்தாமல் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் தாராளமாக வாங்கலாம். தரைத் தளத்துக்காரர்கள் வாங்கினால் அடியில் நாலு அங்குலத்துக்காவது இரும்புக் கால் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்பு பீரோவை நம் ஜனங்கள் நம்புகிற மாதிரி வேறெதையும் நம்புவதில்லை. கல்யாணச் சீர் வரிசையில் அதற்கு இடம் உண்டு. நகைக்கும் பட்டுப் புடவைக்கும் அது சரி. வேலை செய்கிற அறைக்குச் சரியில்லை என்பது என் கட்சி. சாதாரண பீரோவின் ஆழம் ஒன்றரை அடிக்கு மேல். புத்தகத்துக்கு ஒன்பது அங்குலம் போதும். மிச்ச இடத்தைச் சும்மா விட மனசு வராமல் பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை என்று அடுக்குவோம். பின்வரிசைப் புத்தகம் நம்மிடம் இருக்கிறது என்பதே இரண்டு வருஷத்தில் மறந்துபோகும். சரஸ்வதி பூஜைக்குத் தூசி தட்டும்போது, 'அட, இது இருக்கிறதா!' என்போம். அதற்குள் இராமபாணப் பூச்சி ஏழு மராமரம் மாதிரி ஏழு புத்தகத்தை வரிசையாகத் துளைத்துவிட்டுப் போயிருக்கும். செல் பீரோவில் ஏறாது என்பதும் வீண் நம்பிக்கை. இரும்பைத் தின்னாதுதான், ஆனால் சுவரோடு ஒட்டி வைத்த பீரோவின் முதுகில் மண் பாதை கட்டிக்கொண்டு ஏறி, உள்ளே இருக்கிற காகிதத்தைத் தின்னும்.

நண்பரிடம் நான் சொன்னது வேறு. கிடங்குகளிலும் மருந்துக் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள்: வரிசையாகத் துளை போட்ட கோண இரும்பில் தகடுகளைப் போல்ட்டால் பூட்டின ராக். அதன் பிறப்பைப் பற்றி எழுதுகிறவனுக்குச் சந்தோஷம் தரும் விஷயம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்த டிமிட்ரியஸ் கொமினோ ஓர் அச்சகக்காரர். ஆஸ்திரேலியாவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் அச்சகம் நடத்தியவர். அச்சகத்தில் தேவை மாறும்போதெல்லாம் மர அடுக்குகளை அடிப்பதும் உடைப்பதுமாக இருந்து அலுத்துப்போய், குழந்தைகள் கட்டிப் பிரிக்கிற விளையாட்டுச் சாமான் மாதிரி ஏன் ஒன்று செய்யக் கூடாது என்று யோசித்தார். யுத்தம் முடிந்த பிறகு 1947-இல் டெக்ஸியான் என்ற பெயரில் அது வெளிவந்தது. இன்று ஊருக்கு ஊர் பட்டறைகளில் செய்கிறார்கள்.

அழகா என்று கேட்டால், இல்லை. ஆனால் மறைக்கிற புத்தி அதற்குக் கிடையாது. எதனால் செய்தது, எங்கே தாங்குகிறது, எந்தப் போல்ட் தளர்ந்தது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தட்டு வேண்டாமென்றால் கழற்றலாம், இன்னொன்று வேண்டுமென்றால் சேர்க்கலாம், வீடு மாறினால் கட்டி எடுத்துப் போகலாம். வாங்கும்போது தகட்டின் கேஜைக் கேட்க வேண்டும். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும். தட்டுக்குப் பதினெட்டு கேஜ் என்று சொல்லிவிட்டு இருபத்திரண்டைக் கொடுப்பார்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் குரல் கொடுக்கும். மூலைகளுக்கு முக்கோணத் தகடு போட்டிருக்கிறதா, காலுக்கு ரப்பர் குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டின் விளிம்பு துணியையும் புத்தக அட்டையையும் கீறும். பழைய காலண்டர் அட்டையை விரித்துவிட்டால் தீர்ந்தது. சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வைத்தால் செல் ஏறுவது தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு நண்பர் காகிதத்தில் ஒரு படம் போட்டார். நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் தம் புத்தகங்கள். கதவுக்குப் பின்னால், மேல் தட்டுகளில், மனைவியின் தையல் சாமான்கள். நானும் பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் போட்டிருப்பேன்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் நூலக சாஸ்திரத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சராசரி உயரமுள்ளவர் தரையில் நின்று கை நீட்டினால் எட்டாத உயரத்தில் புத்தகம் வைக்கக் கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பானவர். பெரிய நூலகத்துக்குச் சொன்னதைப் பத்தடி அறைக்கும் வைத்துப் பார்க்கலாம் என்று நண்பரிடம் சொன்னேன். "நீங்கள் ஒரு வாரத்தில் எத்தனை தடவை புத்தகம் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "இரண்டு, மூன்று தடவை இருக்கும்" என்றார். ஒரு ரவிக்கை தைத்து முடிக்க அந்த அம்மாள் எத்தனை தடவை கையை நீட்டுகிறார் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. நூல் கண்டு, கத்திரிக்கோல், அளவு நாடா, லைனிங் துணி, ஊக்கு, கொக்கி, பாபின், மறுபடி கத்திரிக்கோல். ஸ்டூல் மேல் ஏறி எடுக்க வேண்டிய இடத்தில் லைனிங் துணியை வைத்தால், அறுபது வயது முழங்கால் எத்தனை தடவை ஏறி இறங்கும்?

அவர் சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவள் சாமான்களுக்கு அலமாரி என்று ஒன்று இருந்ததே இல்லை, சார். எல்லாம் பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கிறது" என்றார்.

பிஸ்கட் டப்பாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் என் வீட்டில் நனையாமல் தப்பின சில சாமான்களில் மேஜை மேல் இருந்த டப்பா ஒன்று. மூடி இறுக்கம், அடுக்கலாம், விலை கிடையாது. ஒரே குறை, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கண்ணாடி ஜாடியோ, ஒரு பொத்தானை மூடியில் ஒட்டி வைப்பதோ அதற்குப் பரிகாரம்.

முடிவில் அவர் மூன்றடி அகலத்தில் இரண்டு இரும்பு ராக்குகள் வாங்கினார். இருபதாயிரத்தில் பாதிகூட ஆகவில்லை. மிச்சப் பணத்தில் ஓர் ஆபீஸ் ஏலத்தில் பழைய தேக்கு மேஜை ஒன்று கிடைத்தது. இழுப்பறையில் மசிக் கறை, ஒரு கால் ஆட்டம். தச்சர் ஆப்பு வைத்து அரை மணியில் சரி செய்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மெஷினுக்கு வலது கைப்பக்கம், இடுப்பிலிருந்து கண் உயரம் வரை, அந்த அம்மாளின் தட்டுகள். நண்பருடைய புத்தகங்கள் கதவுக்குப் பின்னால் போயிருந்தன.

"கதவு இல்லாததுதான் கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது" என்று நண்பர் முணுமுணுத்தார்.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வாயில் புடவை ஒன்றை இரண்டாகக் கிழித்து, மேல் விளிம்பில் நாடா செருக மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு திரை அவர் புத்தகங்களுக்கு. மற்றொன்று ஜன்னலுக்காம், தம் தட்டுகளுக்குத் திரை வேண்டியதில்லை என்றார்.