மணல் எந்தப் பேரேட்டில் வரும்?

விலை போடாத எதையும் நிறுவனங்கள் காக்காது என்பது, இயற்கைக்கும் விலையிட்டுப் பேரேட்டில் ஏற்றும் இயற்கை மூலதனக் கணக்கை ஆதரிப்போரின் வாதம். 2023 செப்டம்பரில், இயற்கை சார்ந்த நிதித் தகவல் வெளியீட்டுக்கான டிஎன்எஃப்டி பணிக்குழு தன் பரிந்துரைகளை வெளியிட்டபின் அந்த வாதத்தை மறுத்துப் பேசுவோர் அருகிவிட்டார்கள். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பூமா காலணி நிறுவனம் தன் 2010ஆம் ஆண்டுச் சூழல் பாதிப்புக்கு 14.5 கோடி யூரோ எனக் கணக்கிட்டபோது, அதில் 94 சதவீதம் சரக்கு வழங்குவோரிடத்தில் நேர்வது என்று தெரியவந்தது. கணக்கு இல்லாமல் அது வெளியே வந்திருக்காது.

ஆனால் இந்தக் கணக்கில் இடம் தொலைந்துபோகிறது. நெடுநாளாக நான் சொல்லிவரும் குறை இது.

புதுச்சேரி நகருக்கு வடக்கே உள்ள காலாப்பட்டுக் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே புதுச்சேரிக் கடற்கரை கரைந்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு ஏறியது. அங்கும் கல், அதற்கடுத்த ஊரில் அரிப்பு. மீனவர்கள் ஃபைபர் படகை ஏற்றி நிறுத்துவது, வலையை உதறிப் பிரிப்பது, கருவாடு காயப்போடுவது எல்லாம் அந்த மணலில்தான். அது யாருடைய சொத்துப் பட்டியலிலும் இல்லாததால் அதன் இழப்பு யாருடைய பேரேட்டிலும் ஏறவில்லை. கொட்டிய கல் மட்டும் ஒப்பந்தக்காரரின் வருமானமாக ஏறியது.

நீர்க் கணக்கிலும் இதே குறைதான். பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பிஆர்எஸ்ஆர் என்னும் பொறுப்பு, நீடிப்புத்தன்மை அறிக்கை 2022-23 முதல் பட்டியலிட்ட முன்னணி 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். விற்றுமுதலில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு நீர் என்று அது கேட்கிறது. சரக்கின் விலை ஏறினாலே போதும், ஒரு குடம் நீர் மிச்சமாகாமல் அந்த விகிதம் இறங்கிவிடும். கடலோர ஆழ்துளைக் கிணற்றில் அளவுமீறி இறைத்தால் உப்பு உள்ளே வரும். வேறு மாநிலத்து ஆற்றில் எடுக்கும் நீருக்கு அந்த ஆபத்து இல்லை. நிறுவனத்தின் மொத்தக் கணக்கிலோ இரண்டும் ஒரே கூட்டுத்தொகை. நீர்ப்பற்றாக்குறைப் பகுதிகளில் ஆலைவாரியாக விவரம் கேட்கும் கேள்வியும் அதே படிவத்தில் உண்டு. அதை விருப்பமிருந்தால் நிரப்பும் பகுதியில் வைத்தார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இப்படி இடத்தை மறந்து, எங்கோ மரக்கன்று நட்டு இங்கே பட்ட கடனைக் கழித்துக்கொள்ள வழிவிடும் கணக்கை நான் கணக்கென்றே ஒப்பமாட்டேன்.

ஆலைவாரியாக நீர் விவரம் கேட்கும் அந்தக் கேள்வியைச் செபி கட்டாயமாக்கட்டும். ஊர்ப்பெயர், கிணற்றின் நீர்மட்டம், உப்பின் அளவு ஆகிய மூன்றையும் நிறுவனங்கள் ஆலைவாரியாக எழுதி, பங்குதாரருக்கு அனுப்பும் அதே நாளில் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் தமிழில் கொடுக்கட்டும்.