குஞ்சியும் கோடும் மஞ்சளும்

கல்வியின் சிறப்பைக் கூறப் புகும் ஆசிரியர் பலரும் எடுத்தாள்வது நாலடியாரின் 131ஆம் செய்யுள். தலைமயிரின் ஒப்பனையும், ஆடைக் கரையின் எழிலும், மஞ்சட் பூச்சும் அழகல்ல. கல்வியே அழகு என்று அதற்குப் பொருள் சொல்லி முடிப்பர். புது மோஸ்தரில் உடுத்தி வரும் மாணவியைக் கண்டிப்பதற்கும் இச்செய்யுளே கோலாகிறது. இவ்வாறு ஆளுவது செய்யுளின் கருத்துக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஒத்த கருத்துடைய செய்யுட்கள் வேறு இரண்டு உள. காரியாசானின் சிறுபஞ்சமூலம் மயிர், மார்பு, நகம், காது, பல் ஆகியவற்றின் வனப்பை விலக்கிச் சொல்லின் வனப்பைப் போற்றும். கணிமேதாவியாரின் ஏலாதி இடை, தோள், நடை, கழுத்து முதலியவற்றின் வனப்பை விலக்கி எண்ணையும் எழுத்தையும் போற்றும். இவ்விரண்டும் பெரும்பாலும் பிறப்போடு வரும் அழகையே பேசுகின்றன. நாலடியாரோ மனிதர் தம் கையால் செய்துகொள்ளும் அழகைப் பேசுகிறது. முடிப்பதும் உடுப்பதும் பூசுவதும் காலந்தோறும் மாறுவன. ஆதலின் மோஸ்தர் என்னும் பொருளுக்கு அணுக்கமானது நாலடியாரே. தன் முடிவுக்குக் காரணம் காட்டுவதும் இம்மூன்றனுள் அது ஒன்றே.

அக்காரணம் யாது? மனமறிய நல்லவராய் நிற்கிறோம் என்னும் நடுவுநிலைமையைக் கல்வி தருகிறது என்பதே. இப்பகுதியை வகுப்பறை விரைந்து கடந்துவிடுகிறது. உண்மையில் செய்யுளின் உயிர் இங்கேதான் உள்ளது. ஒருவனது தகுதியை அளக்கும் நீதிபதி அவன் நெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்கிறது செய்யுள். மோஸ்தரின் நீதிபதியோ வெளியே இருக்கிறான். தீர்ப்பையும் அடிக்கடி மாற்றுகிறான்.

இம்மாற்றம் ஓயாமைக்குரிய காரணத்தை ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சிம்மல் 1904இல் விளக்கினார். மேல்நிலையினர் தம்மை வேறுபடுத்திக் காட்டப் புதியதொன்றை மேற்கொள்வர். பிறர் அதைப் பின்பற்றியதும் முன்னவர் அதனைக் கைவிடுவர். எனவே பின்தொடர்பவன் ஒருநாளும் எட்டிப்பிடிக்க இயலாது. திரைப்படம் இவ்வோட்டத்தை மேலும் விரைவுபடுத்தியது. 1985இல் ‘பூவே பூச்சூடவா’ வெளிவந்தபின் நடிகை நதியாவின் பெயரால் தோடும் வளையலும் விற்றன. 2005இல் ‘சந்திரமுகி’ சேலைக்குப் பெயராயிற்று. அடுத்த தீபாவளிக்கு அப்பெயர்கள் பழையன.

இவ்வோட்டத்தின் விலை கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்குத் தெரியும். பால்மரம் வெட்டிய காலத்தில் வேலைக்குரிய ஆடை ரப்பர்ப்பால் கறைபடிந்த பழந்துணி; திருநாளுக்குரியது தவணைக்கு எடுத்த புதுத்துணி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின்னும் தவணை போகவில்லை. பள்ளியில் வெள்ளைச் சட்டையும் நீலச் சீருடையும் ஏற்றத்தாழ்வை மறைக்கின்றன. விழாநாளில் அது வெளிப்படுகிறது. எல்லோரும் ஒரே நிறப் புத்தாடையில் வருக என்று பள்ளியே கட்டளையிடுமாயின், நாலடியாரைக் கற்பிக்கும் வாயே மோஸ்தரின் வாயும் ஆகிறது. அந்நாளில் வீட்டிலேயே தங்கிவிடும் பிள்ளையின் நெஞ்சில் எந்த நடுவுநிலைமை வளரும்?

இன்னொன்றும் கருதத்தக்கது. குஞ்சி என்பது ஆடவர் தலைமயிரைக் குறிக்கும் சொல்; மகளிர்க்குரியது கூந்தல். ஆகவே செய்யுள் ஆடவரின் ஒப்பனையிலிருந்தே தொடங்குகிறது. பெண்பிள்ளைகளை மட்டும் நிறுத்தி வைத்து இதனைச் சொல்வது முதற்சொல்லையே படியாத பிழையாகும்.

நல்லாடையைத் தமிழ்ப் புலவர் வெறுத்தாரல்லர். பொருநராற்றுப்படையில் வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைக்கப்பட்ட கந்தலைக் களைந்து, பாம்பின் உரிபோன்ற மெல்லிய ஆடையை அரசன் பொருநனுக்கு அளிக்கிறான். கந்தலுடுத்த பிள்ளைக்கு முதலில் வேண்டுவது ஆடையே, செய்யுளன்று. வறுமையின் நாணம் வேறு, மோஸ்தரின் நாணம் வேறு. முன்னதைத் துணி தீர்க்கும். பின்னதைத் துணி வளர்க்கும். கல்வி ஒன்றே தீர்க்கும்.

ஆசிரியப் பெருமக்கள் இச்செய்யுளை இறுதிவரை கற்பித்தல் வேண்டும். அழகல்ல என்னும் மறுப்போடு நிறுத்தினால் அது வசை. நடுவுநிலைமை என்னும் காரணத்தையும் சேர்த்தால்தான் அது பாடம்.