பிரிப்பதற்கும் பூட்டுவதற்கும் நடுவில்

யந்திரத்தைப் பற்றி எழுதுவது வேறு. யந்திரத்தின் முன் நிற்பவனுக்காக எழுதுவது வேறு. முதல் காரியத்தைச் செய்த ராபர்ட் பிர்ஸிக்கை நமக்குத் தெரியும். 1974இல் வந்த அவருடைய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ சிந்திக்கிறவர்களின் புத்தகமாக நிலைத்துவிட்டது. இரண்டாவதைச் செய்த ஜான் ஹேன்ஸை இலக்கியப் பத்திரிகை எதுவும் சீந்தாது. அவர் எழுதியது கார் ரிப்பேர் புத்தகம். எனக்குக் காரும் கிடையாது, ஸ்பானர் பிடித்த பழக்கமும் கிடையாது. அவரை உரைநடைக்காகவே படிக்கிறேன். அப்படிப் படிக்கத் தகுந்தவர் என்பதும், விமர்சனம் எழுதுகிறவன் அவரிடம் பெற வேண்டியது ஒன்று உண்டு என்பதும் என் கட்சி.

ஹேன்ஸ் 1938இல் இலங்கையில் தேயிலைத் தோட்ட நிர்வாகி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளி மாணவனாக இருக்கும்போதே பழைய ஆஸ்டின் 7 ஒன்றை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார். மாற்றிய விதத்தை 1956இல் சிறு புத்தகமாகவும் போட்டார். பிறகு பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். 1965இல் ஏடனில் இருந்தபோது, உடன் பணியாற்றிய ஒருவர் பழைய ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் ஒன்றை வாங்கினார். 1958இல் வெளிவந்த, இருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் அது. விளக்குகள் பானட்டின் மேல் துருத்திக்கொண்டிருந்ததால் ‘தவளைக்கண்’ என்று பெயர் பெற்றது. நான்கு சிலிண்டர், 948 சி.சி., இரண்டு கார்புரேட்டர்கள். எஞ்சினை இறக்கி முழுக்கப் பிரித்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. கம்பெனியின் கைப்புத்தகம் சாதாரணச் சொந்தக்காரனை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல, அது உதவவில்லை. ஹேன்ஸ் ஒரு காமிரா வாங்கி, பிரிப்பதையும் பூட்டுவதையும் படிப்படியாகப் படமெடுத்தார். 1966இல் அது புத்தகமாயிற்று. முதல் அச்சின் 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன.

இந்த உரைநடையின் முதல் குணம் அது நிற்கும் இடம். கம்பெனிப் புத்தகம் தெரிந்தவன் தெரிந்தவனோடு பேசுவது. ஹேன்ஸின் வாசகனோ ஒன்றும் தெரியாதவன். இரண்டு கையிலும் கிரீஸ். கண்ணை நட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒரு கணம் வைத்துவிட்டு உடனே திரும்ப வேண்டியவன். ஆகவே பாராக்களுக்கு எண். வாக்கியத்துக்கு ஒரு காரியம். பாராவோடு பொருந்தும் புகைப்படம். பெயரடைகள் அநேகமாக இல்லை. இருப்பவையும் ‘சுத்தமான’, ‘தளர்ந்த’ என்று கை சரிபார்க்கக்கூடியவை. வினைச்சொல் முழு பாரத்தையும் தாங்குகிறது. வாசகனை உத்தேசித்து எழுதுவது என்றாலே தரத்தை விட்டுக்கொடுப்பது என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். வாசகனின் நிலை இங்கே வடிவத்தையே நிர்ணயித்திருக்கிறது.

ஹேன்ஸ் புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் உண்டு. பூட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் என்பது அதன் சாரம். வீட்டில் கார் வேலை பார்க்கும் ஆங்கிலேயர்களிடையே இது ஒரு நிரந்தர ஹாஸ்யம். கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் வண்டி ஓடும் என்று நம்பி ஏமாந்தவர்களின் சிரிப்பு அது. ஹாஸ்யம் நியாயமானதே. ஆனால் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த வாக்கியம் சில்லறை வேலைகளுக்குத்தான் வருகிறது. எஞ்சினை முழுக்கப் பிரிக்கும் அத்தியாயத்தில் ஹேன்ஸ் அதை நம்பி நிற்பதில்லை. அந்த அத்தியாயம் மூன்றாகப் பிரிகிறது: பிரித்தல், பரிசோதித்துப் புதுப்பித்தல், பூட்டுதல். பூட்டுதல் முதலிலிருந்து, தனியாக, மறுபடி எழுதப்படுகிறது. ஏன் அப்படி என்பதற்குப் பதில் நடுப்பகுதியில் இருக்கிறது.

நடுப்பகுதியில் மொழியே மாறுகிறது. அதுவரை ‘கழற்று’, ‘தூக்கு’, ‘எடுத்து வை’ என்ற ஏவல். இங்கே ‘இருந்தால்’, ‘மீறினால்’, ‘இல்லையேல்’. கிராங்க் ஷாஃப்ட்டின் கழுத்தை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க வேண்டும்; வட்டம் கோணியிருந்தால் சாணை பிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போட வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு குறைத்தால் ஒரு பேரிங்; 20 பங்கு குறைத்தால் வேறு. சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே, பிஸ்டன் ரிங் எட்டாத இடத்தில், நகத்தால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அதற்குக் கீழே சுவர் தேய்ந்ததால் எஞ்சிய மேடு அது. தேயாத அந்த இடத்தின் விட்டத்தை வைத்துத்தான் மற்ற இடத்தின் தேய்மானம் தெரிகிறது. சாணை பிடிப்பதும் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதும் வீட்டில் ஆகாத வேலை. அதற்குரிய பட்டறைக்குக் கொண்டுபோ என்று புத்தகம் கூசாமல் சொல்லிவிடுகிறது.

இதற்குப் பிறகு வரும் பூட்டுதல், பிரித்தலின் பிம்பமாக இருக்க முடியாது. நசுங்கிய கேஸ்கெட் திரும்ப உதவாது. ஒவ்வொரு மெயின் பேரிங் மூடியும் அதனதன் இடத்துக்கே போக வேண்டும். டைமிங் செயினின் இரண்டு பல்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஸ்பிரைட்டின் சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் 9 நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் இறுக்காமல், படிப்படியாக 40 பவுண்டு-அடிக்குக் கொண்டுவர வேண்டும். பிரிக்கும்போது எஞ்சின் பலத்தைக் கேட்கிறது. பூட்டும்போது அளவைக் கேட்கிறது. அந்த அளவு பிரித்த வரிசையில் எங்கும் இருந்ததில்லை. நடுப்பகுதியில்தான் அது கிடைத்தது.

அளவு தீர்ந்துபோகும் இடமும் உண்டு. சின்னத் திருகுகளை எவ்வளவு இறுக்கினால் போதும், எந்தக் கணத்தில் மரை போய்விடும் என்பது கைக்குத்தான் தெரியும். பிர்ஸிக் மெக்கானிக்கின் இந்தத் தொடுவுணர்வைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார். படித்ததால் அது யார் கைக்கும் வந்துவிடாது. ஹேன்ஸ் தன்னால் தர முடிந்த எண்ணைத் தந்துவிட்டு, மீதியைக் கைக்கு விட்டு ஒதுங்குகிறார். இருவரில் சொல்லின் எல்லையை அதிகம் மதித்தவர் ஹேன்ஸ் என்றே எனக்குப் படுகிறது.

கவிதை எஞ்சின் அல்ல, பாகம் பாகமாகக் கழற்ற என்று ஆட்சேபம் வரும். ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது கவிதையைப் பற்றியல்ல, விமர்சகனின் வாக்கியத்தைப் பற்றி. நம் பக்கங்களில் பிரித்தல் தாராளமாக நடக்கிறது: படிமம், தொனி, அமைப்பு என்று பாகங்கள் தட்டில் வரிசையாக வந்துவிடுகின்றன. அடுத்த பாராவில் தீர்ப்பும் வந்துவிடுகிறது: மகத்தானது, அல்லது போலி. நடுவில் ‘இருந்தால்’, ‘இல்லையேல்’ என்று பேசும் பகுதி காணாமல் போகிறது. எதை வைத்து அளந்தான், தேயாத இடம் என்று எதை எடுத்துக்கொண்டான், தன்னால் ஆகாது என்று எதை வேறு கைக்கு அனுப்பினான் என்பதை விமர்சகன் எழுதுவதில்லை. அதை எழுதினால் வாசகன் தானும் அளந்து பார்ப்பான். நம் அளவு தப்பென்றும் சொல்லக்கூடும். ரிப்பேர் புத்தகம் எழுதியவருக்கு அந்தப் பயம் இல்லை. அவர் எழுதியது சரியா என்பதை வண்டி ஸ்டார்ட் ஆகும்போது யாரும் தெரிந்துகொள்ளலாம்.