தலைப்புக் கட்டத்தில் மட்டும் புதிய ஆண்டு

வெல்டிங் கோடின் (code) புதிய பதிப்பு வந்ததும் வெல்டிங் செயல்முறைத் தாள்களான டபிள்யூ.பி.எஸ். (WPS) அத்தனையையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களுக்கு இப்போது நல்ல மவுசு. ஆடிட்டில் கேள்வி வராது என்று தரக்கட்டுப்பாட்டுக்காரர்களும் பரிந்து பேசுகிறார்கள். தகுதிச் சோதனைப் பதிவான பழைய பி.க்யூ.ஆர். (PQR) தேடி அலமாரியைக் குடைய வேண்டாம், தடிமன் வரம்பைக் கணக்கிடுவதில் கை தவறாது. இவை மெய்யான நன்மைகள்தாம். ஆனால் புதுப்பிக்கப்படுவது பெரும்பாலும் தலைப்புக் கட்டத்தில் உள்ள ஆண்டு மட்டுமே.

வெல்டிங் தகுதிக்கான ஏ.எஸ்.எம்.ஈ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) கோடின் செக்‌ஷன் 9, 2013 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. 1962 பதிப்பிலோ அதற்குப் பிந்தைய பதிப்புகளிலோ முறையாகத் தகுதி பெற்ற செயல்முறைகளை இன்றும் பயன்படுத்த அதுவே இடம் தருகிறது. நியாயமான விதி. அன்று சோதனையில் தேறிய இணைப்பு, நாட்காட்டி மாறியதால் கெட்டுப்போகாது. என் மனத்தை உறுத்துவது இந்த விதியைக் கேடயமாகப் பிடிக்கும் பழக்கம். ஒரு சாரார் ஆண்டை மட்டும் மாற்றுகிறார்கள். மறு சாரார் 1962-ஐக் காட்டி எதையும் மாற்றுவதில்லை. என்ன மாறியது என்று இரு சாராரும் படிப்பதில்லை.

பி-91 (P91) எஃகை எடுத்துக்கொள்வோம். அனல்மின் நிலைய பாய்லர்களின் ஹெடர்களிலும் நீராவிக் குழாய்களிலும் இருப்பது. திருச்சி வட்டார வெல்டர்களுக்கு நன்கு பழகியது. கோடில் உலோக வகையைக் குறிக்கும் இதன் பி-எண் (P-No.) 5பி-யிலிருந்து (5B) 15இ (15E) ஆனது. எலெக்ட்ரோடின் வகைப்பெயர் பி9 (B9) என்பது ஏ.டபிள்யூ.எஸ். (அமெரிக்க வெல்டிங் சங்கம்) தரநிலையின் 2014 பதிப்பில் பி91 (B91) ஆனது. இரண்டையும் மென்பொருள் நொடியில் மாற்றிவிடும். ஆனால் வெல்டிங்குக்குப் பின் தரும் வெப்பச் சிகிச்சையின் குறைந்தபட்ச அளவு 704 டிகிரி செல்சியஸிலிருந்து 730-க்கு உயர்ந்தது செக்‌ஷன் 9-இல் அல்ல, பாய்லர் கட்டுமானத்துக்கான செக்‌ஷன் 1-இல். 1962 விதி தகுதிக்குத்தான் பாதுகாப்பு. இந்த வெப்பநிலைக்கு அல்ல. ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துப் புதுப்பித்தவர் கையில் புதிய ஆண்டும் பழைய 704-உம் ஒரே தாளில் நிற்கும்.

மேல் எல்லையிலும் இதே சங்கடம். வெல்ட் உலோகத்தில் நிக்கலும் மாங்கனீசும் கூடக்கூட, எஃகின் உள்ளமைப்பு மாறத் தொடங்கும் வெப்பநிலை இறங்கும். அதைத் தாண்டிச் சூடேற்றினால், ஆறும்போது மீண்டும் கடினமான, எளிதில் விரிசல் விடும் அமைப்பு உருவாகும். ஆகவே ஒவ்வொரு பேட்ச் எலெக்ட்ரோடின் சான்றிதழிலும் இந்த இரண்டின் கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகே மேல் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். பி9 என்பதைப் பி91 என்று திருத்திய ஆவணம் இதைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அது யாருக்காகத் திருத்தப்பட்டது?

டபிள்யூ.பி.எஸ். வெல்டருக்கு வழிகாட்ட எழுதப்படுவது. செக்‌ஷன் 9-இன் வரையறையே அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் அது ஆடிட்டருக்காக எழுதப்படுகிறது. திருத்த எண் ஏறுகிறது, கையெழுத்து விழுகிறது, கோப்பு மூடப்படுகிறது. டார்ச்சைப் பிடிப்பவருக்கும் வெப்பச் சிகிச்சையின் வரைபடத்தைக் கண்காணிப்பவருக்கும் எதுவும் தெரிவதில்லை. கடுமையாகப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். அழுத்தத்தில் நீராவி ஓடும் குழாய் விஷயத்தில் எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியவில்லை.

ஆண்டு மாற்றத்தை இனி யாரும் எனக்குச் சான்றாகக் காட்ட வேண்டாம். பதிப்பின் முகப்பில் மாற்றங்களின் பட்டியல் அச்சாகிறது. செக்‌ஷன் 9-க்கும் கட்டுமானக் கோடுக்கும் அந்தப் பட்டியலை வரிவரியாக எடுத்து, எந்த டபிள்யூ.பி.எஸ்.-ஐ இது தொடுகிறது, தொடவில்லையென்றால் ஏன் என்று பொறியாளர் தன் கையால் எழுதிய தாளைக் காட்டட்டும். அதன் கீழே ஷாப் ஃபோர்மேனின் கையெழுத்தும் இருக்கட்டும்.