படி எல்லோருக்கும், தாம்பூலம் யாருக்கு?

அறிமுகமே இல்லாத எதிர்வீட்டுக்குள் கூச்சமின்றி நுழைய நகரத்து மனிதருக்கு வாய்ப்பது ஆண்டில் ஒன்பது மாலைகள்தான். மகாளய அமாவாசை முடிந்து, கலசம் வைத்துப் படி கட்டிவிட்டால் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். முன்பெல்லாம் கிருஷ்ணன், ஆண்டாள் வேஷம் போட்ட பிள்ளைகள் குங்குமச் சிமிழோடு தெரு முழுக்கப் போய் அழைத்துவிட்டு வருவார்கள். இப்போது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், “எங்க வீட்டுக் கொலுவுக்கு எல்லாரும் அவசியம் வரணும்” என்று ஒரு வரி போதும். வருபவர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, பொம்மைகளைப் பார்த்து, யாராவது பாடினால் கேட்டு, தொன்னையில் சுண்டல் தின்று, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம். அதற்குள் கிளம்பிவிட்டாரே என்று யாரும் வருந்துவதில்லை. இன்னும் நாலு வீடு பாக்கி இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

கொலுவுக்கு வீடு வீடாகப் போய்வருவதன் பெரிய பலம் இந்தச் சிறிய அளவுதான் என்பேன். அமெரிக்காவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு விருந்து நடத்துவார்கள். ஒரு வீட்டில் சூப்பு, அடுத்த வீட்டில் சாப்பாடு, மூன்றாவது வீட்டில் இனிப்பு என்று கூட்டமே வீடு மாறிக்கொண்டு போகும். இங்கிலாந்தில் அதற்கு சஃபாரி சப்பர் என்று பெயர். வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் அங்கே ஆள் கணக்கு முன்பே முடிவாக வேண்டும். ஒரு வீட்டில் தாமதமானால் அடுத்த வீட்டுச் சாப்பாடு ஆறிப்போகும். கொலுவில் கூடுதலாக நாலு பேர் வந்துவிட்டால் இன்னும் நாலு தொன்னை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சுக்குப் பஞ்சம் வராமல் பார்த்துக்கொள்வது பொம்மைகள். அதிலும் படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போடும் பார்க். பீச் மணலைப் பரப்பி, நாலைந்து நாள் முன்பே கடுகும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்து முளைக்க விட்டிருப்பார்கள். அது புல்வெளி. உடைந்த கண்ணாடித் துண்டு குளம், அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் வாத்து. தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு ரயில். மேல்படியில் தசாவதார செட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், வரும் பிள்ளைகள் மண்டியிடுவது இந்த மணலுக்கு முன்னால்தான். “எங்க வீட்டுக் கடுகு சரியா முளைக்கல” என்பதில் தொடங்கிய சிநேகம் அடுத்த நாள் மாடிப்படியில் விளையாட்டாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்ற வழக்கத்தால் மதுரை விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் கைவினைஞர்களின் அடுப்பு எரிகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறைகள் தாம்பூலத் தட்டில் தொடங்குகின்றன. அந்தத் தட்டுக்குப் பின்னால் நவராத்திரியின் பழைய அரசவைப் பழக்கம் இருக்கிறது. விஜயநகரத்தின் மகாநவமி விழாவை 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விழா மேடை ஹம்பியில் இன்றும் நிற்கிறது. பின்னால் மைசூர் உடையார்களும் ராமநாதபுரம் சேதுபதிகளும் அதே போலப் பெருவிழா எடுத்தார்கள். அரசர் கொலுவீற்றிருப்பார், வந்தவர்களுக்கு அவரவர் தகுதிக்கேற்ப மரியாதை நடக்கும். யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு, யாருக்கு இல்லை என்ற அந்த அரசவைக் கணக்கு நம் வீட்டுக் கூடங்களில் இன்னும் ஒழியவில்லை.

ஒரு வீட்டில் கண்ணெதிரே நடந்தது. கொலு வைத்த அம்மாள் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, தேங்காய், ரவிக்கைத் துணி வைத்த தட்டோடு ஒவ்வொருவரிடமும் வந்துகொண்டிருந்தார். நாலாவதாக இருந்தவர் அவருடைய நாத்தனார், கணவரை இழந்தவர். மரப்பாச்சி ஜோடிக்குப் புடவையும் வேட்டியும் கட்டி ஜிகினா ஒட்டியதே அவர்தான் என்று சற்றுமுன் எல்லோரும் பாராட்டியிருந்தார்கள். தட்டு அவரைத் தாண்டி ஐந்தாமவரிடம் போய் நின்றது. அவர் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. “அவங்களுக்குத் தனியா பழம் கொடுத்துடுவோமே” என்று பிறகு விளக்கம் வந்தது. தனியாக என்பதுதான் என் வழக்கு. ஒன்பது இரவும் தேவிக்கென்று சொல்லிக்கொண்டு, அவள் முன்னிலையிலேயே ஒரு பெண்ணைத் தாண்டிப் போவதை எந்த சாஸ்திரம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

பரணிலிருந்து இறக்கிய பெட்டியைப் பிரித்துப் பொம்மை துடைத்துக் கொடுத்த வேலைக்கார அம்மாவுக்கு மறுநாள் சமையலறை வாசலில் மிச்சச் சுண்டல். “தெருவில் எல்லோரையும் கூப்பிட்டோம்” என்று சொல்லும் வீடுகளில் அந்த எல்லோரும் பெரும்பாலும் இரண்டு மூன்று சாதிக்குள் அடங்கிவிடுவதையும் மறைப்பதற்கில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் இதை ஓரளவு உடைத்திருக்கின்றன. லிப்ட்டில் தினமும் பார்க்கும் முகத்தை விட்டுவிட்டு அழைப்பது கஷ்டம்.

ரிட்டர்ன் கிஃப்ட் வேறு வகை நோய். நிறமும் நீளமும் யாருக்கும் பொருந்தாத ரவிக்கைத் துணி வீடு வீடாகச் சுற்றி வருவது பழைய கதை. இப்போது பிளாஸ்டிக் டப்பா, பர்ஸ், சிறு விளக்கு எனப் போட்டி. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், இவற்றைப் போட்டுக் கொடுக்க அதே பைகள். வசதி குறைந்த வீடு கொலு வைக்கவே தயங்குகிறது. பழைய பொம்மைகளை வைத்தே படியை நிரப்பிவிடலாம், ஆனால் வருகிற ஐம்பது பேருக்கு என்ன கொடுப்பது?

உழைப்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். முந்தின இரவே கடலை ஊற வேண்டும். தேங்காய் போட்ட சுண்டல் புரட்டாசிப் புழுக்கத்தில் ராத்திரிக்குள் ஊசிப்போகும், ஆகவே அலுவலகத்திலிருந்து வந்த பிறகுதான் தாளிக்க முடியும். வருபவர்களை வரவேற்க வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் கொலு வைத்தவரே மற்ற கொலுக்களைப் பார்க்க முடிவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் வீட்டில் இருக்க மருமகள் போய்வந்தாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் எல்லாம் சனி, ஞாயிறில் முட்டி மோதுகிறது. ஆண்கள் பங்கு பெட்டி இறக்குவதோடும் வண்டி ஓட்டுவதோடும் முடிந்துவிடுகிறது. சுண்டல் தாளிக்க அவர்களுக்கு யாரும் தடை சொல்லவில்லை.

இதற்குத்தான் அந்த வெளிநாட்டு விருந்தின் முறைவைப்பை இரவல் வாங்கலாம் என்கிறேன். ஒரு மாலைக்கு இரண்டு வீடு மட்டும் திறந்திருக்கட்டும், மற்றவர்கள் அன்று போய்வரட்டும். ஒன்பது நாளில் ஒரு குடியிருப்பின் பதினெட்டு கொலுவையும் பார்த்துவிடலாம், யாரும் ஒரு நாளுக்கு மேல் சுண்டல் செய்ய வேண்டியதில்லை. தாம்பூலத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பழம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று குடியிருப்பே சேர்ந்து முடிவு செய்யட்டும். தனி ஒருவர் நிறுத்தினால் கஞ்சத்தனம் என்ற பேச்சு வரும், எல்லோரும் நிறுத்தினால் வராது. குங்குமத் தட்டைப் படிக்கருகே முக்காலியில் வைத்துவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையால் கொடுத்தால்தான் திருப்தி என்கிற வீட்டில், கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கிருக்கும் மூத்த பெண் தட்டை எடுத்து எல்லோருக்கும் கொடுக்கட்டும்.